சாக்குக்குக் கீழே புதுப் பம்ப்

பழையதைத் திருத்துவதா, புதியதைப் பூட்டுவதா? புதியது வாங்கி வந்த பிறகும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உப்புவெளியில் நானும் கணவரும் நடத்தும் சிறிய விடுதியில் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. அதன் தண்ணீரை வடிகட்டிக்குத் தள்ளும் பம்பைத் தேடிப் பிடித்துப் பூட்டித் தந்தவர் அத்தான். காலமாகிவிட்ட என் அக்காவின் கணவர்; துறைமுகப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இறக்குமதி தடைப்பட்டு வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காத வருடங்களில் சைக்கிள் டியூபை வெட்டி வாசர் போட்டும், படகு எஞ்சினின் துண்டுகளைக் கடைந்தும் அதை ஓடவைத்தார்.

சும்மா சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டால் அத்தான் வரமாட்டார். பம்ப் நின்றுவிட்டது என்றால் அன்றே சைக்கிளில் வந்துவிடுவார். வேலை முடிந்ததும் சாப்பிட்டு, என் மகளோடு விளையாடி, பொழுதுபடத்தான் போவார்.

இந்த முறை மகளுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. பம்ப் நின்று குளம் பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. "அந்தத் தண்ணியில பிள்ளையை இறக்காதையுங்கோ" என்றார் டொக்டர். இறக்கிவிட்டது நான்தான்.

கணவர் யோசிக்கவே இல்லை. "இப்பதான் கொழும்பில எல்லாம் வருதே, புதுசு எடுப்பம். ஆனா அத்தானுக்கு நீதான் சொல்ல வேணும். உன்ர அத்தான்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. புதுப் பம்ப் மரப்பெட்டியோடு லொறியில் வந்து பம்ப் கொட்டிலில் இறங்கியது. மறுநாள் காலை அத்தானே வாசல் படலையில் நின்றார். குளம் கலங்கிக் கிடப்பதாகச் சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பக் கூடாதே, பிள்ளை?"

அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் ஓடிப்போய்ப் பெட்டியைச் சாக்கால் மூடினேன். கொட்டிலுக்குள் வந்தவர் பழைய பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உட்கார இடம் தேடி, அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார்.

"நல்ல உயரம். என்ன பெட்டி இது?"

"சோடாப் போத்தில், அத்தான்."

அவர் ஒருமுறை அசைந்து பார்த்தார். "நல்ல அடக்கமான போத்திலுகள். ஒரு கிலுக்கமும் இல்லை."

சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. தேநீர் போடும் சாட்டில் குசினிக்குப் போய்விட்டேன். மத்தியானத்துக்குள் பம்ப் ஓடியது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "பார், இன்னும் உயிர் கிடக்கு" என்றார். அன்று சாப்பிடாமலே போனார், வேலை இருக்கிறதாம்.

பம்ப் இன்னும் ஓடுகிறது. ஆனால் தண்ணீர் முழுதாகத் தெளியவில்லை. பச்சை வெளிறி, அடித்தளம் மங்கலாகத் தெரிகிறது. காது சுகமான மகள் எப்போது இறங்கலாம் என்று நச்சரிக்கிறாள். என்னால் ஓம் என்று சொல்ல முடியவில்லை. பெட்டி சாக்குக்குக் கீழேயே இருக்கிறது. வருகிற ஞாயிறு பார்க்க வருவதாக அத்தான் சொல்லிப் போனார்.

அவர் வருமுன் வேறு ஆளைப் பிடித்துப் புதியதைப் பூட்டிவிடலாம் என்கிறார் கணவர். சாக்கை விலக்கி, "நீங்களே பூட்டித் தாங்கோ, அத்தான்" என்று கேட்கலாமா என்று நான் நினைக்கிறேன். அது அவருக்கு மரியாதையா, அல்லது காயத்தின் மேல் இன்னொரு காயமா? வீட்டில் இப்படி ஒரு மூத்தவர் உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால், ஞாயிறுக்கு முன் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.