தளபதியின் பீரங்கியடியில் ஒரு ரொட்டி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதி செத்து விழுந்த இடத்தில் பீரங்கியைத் தலைகீழாக நட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிப்பாய்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவர்களை நீளக் குழி வெட்டி ஒன்றாகத் தள்ளி மூடினார்கள். எங்கள் ஊர்ப் போர்க்களத்தில் தளபதி டீக்குக்கு மட்டும் ஓக் மரத்தடியில் ஒரு பீரங்கி நிற்கிறது.

அங்கே புல் வெட்டுபவர் ஹார்லன் ஸ்ட்ரவுட். நானும் அவரோடு அதே வேலையில் டென்னசி வெயிலில் காய்ந்தவன்தான். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ம்ஹூம், பேசமாட்டார். ஈராக் போரில் சிப்பாயாகச் செத்த மகன் கெண்டல் பெட்டியில் வந்தபோதும் அழவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி லொரீனுக்குக் கல்லறை போதவில்லை. மகன் விழுந்த இடம் வேண்டும். அந்தப் பாலைவனத்துக்கு அவளை யார் கூட்டிப்போவது? அதனால் ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும், கெண்டலுக்குப் பிடித்த மக்காச்சோள ரொட்டியில் தேன் தடவி, டீக் விழுந்த இடத்துப் பீரங்கியடியில் வைத்துவிட்டுப் போவாள். நினைவுச்சின்னத்தில் எதுவும் கிடக்கக்கூடாது என்பது போர்க்களத்தைப் பராமரிக்கும் எங்கள் ஆபீஸின் சட்டம். திங்கள் காலையில் பூ, கொடி எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போடுவது ஹார்லனின் வேலை.

இதை யாரோ சொல்லக் கேட்டு, லொரீன் என்னிடம் வந்து பொரிந்து தள்ளினாள்.

"பெத்த பிள்ளைக்கு வெச்சதைக் குப்பையில போடுறானே, இவனெல்லாம் மனுஷனா? நேராவே கேக்கப்போறேன். ஆமான்னு சொல்லட்டும், அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பவே மாட்டேன்."

"அவரு வேலை அது, லொரீன்."

"நீ சும்மா இரு ராய், ஜால்ரா போடாத!"

திங்களன்று விடுவிடுவென்று வந்தாள். சண்டையை விலக்க நானும் பின்னால் ஓடினேன்.

பீரங்கிக்கு முன்னால் ஹார்லன் தரையில் உட்கார்ந்து அந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார். தாடியெல்லாம் கண்ணீர். பீரங்கியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களுக்கு இவ்வளவு பெரிய இரும்பு நிக்குது. என் பையனுக்கும் ஓரமா ஒரு இடம் குடுங்க. தொந்தரவு பண்ணமாட்டான்."

லொரீன் அப்படியே நின்றுவிட்டாள்.

"எல்லா வாரமும் நீதான் தின்னியா?"

"அவனுக்கு வெச்சது. குப்பையில போட மனசு வரல."

"வீட்டுல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, பாவி மனுஷா?"

"வீட்டுல உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பேச வாயே வரல, லொரீன்."

அவள் பொத்தென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்ச ரொட்டியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கடித்தாள். மகன் போனபிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள்.