பிளாஸ்டிக் சோதனையில் சிக்கிய கடல் நத்தை

இன்று கொடைக்கானல் நுழைவுச் சாவடியில் எங்கள் பேருந்தை நிறுத்தி, பிளாஸ்டிக் பாட்டில்களைப் பறிமுதல் செய்தார்கள்.

என் பையிலும் ஒன்று இருந்தது. அதற்குள் பாம்பன் கடலில் எடுத்த, ஓடில்லாத ஒரு கடல் நத்தை. புதிய இனம் என்று நம்புகிறேன். அதை விவரித்து எழுத என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

"தண்ணியக் கீழ ஊத்திட்டு பாட்டிலக் குடும்மா" என்றார் சோதனைக்கு ஏறிய அக்கா.

பதற்றத்தில் உளறினேன்: "தண்ணி இல்லக்கா, ஆல்கஹால்."

பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"பொம்பளப் புள்ள சாராயமா கொண்டு போகுது?" என்றார் பின் இருக்கைக்காரர்.

அக்கா மூடியைத் திருகத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஊத்திராதீங்கக்கா! உள்ள நத்தை கெடக்கு, அது அழுகாம இருக்கத்தான் ஆல்கஹால்!"

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெளுத்துப்போன ஒரு துண்டுதான் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது எடுத்த படத்தைக் கைபேசியில் காட்டினேன். நீல உடம்பு, ஆரஞ்சு விளிம்பு, தலையில் இரண்டு கொம்பு.

"இதுக்குப் பேரு என்ன?"

"இன்னும் வைக்கலக்கா. கொம்பு, செவுள், பல்லு எல்லாம் பாத்து எழுதுன பெறகுதான் வைக்கணும்."

"வெரசா விடுங்கக்கா" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

அக்கா மூடியை இறுக்கித் திருப்பித் தந்தார். "அடுத்த தடவ கண்ணாடி பாட்டில்ல கொண்டா."

இறங்கும்போது கண்டக்டர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னார்: "சாராய நத்தை எறங்குது, வழி விடுங்க."

நான் ஒரு மாதமாக லத்தீனில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.