யாருடைய அளவு?

என் மகள் காயத்ரிக்கு அப்போது பன்னிரண்டு வயது. முன்பற்கள் சற்றுத் தூக்கலாக இருந்ததால், கிளிப் போடத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனோம். அவர் பக்கவாட்டு எக்ஸ்ரேயின் மேல் மெல்லிய தாளை வைத்து, அவள் முகத்தைப் பென்சிலால் வரைந்து அளந்தார். "தாடை அளவுக்கு மேல முன்னாடி இருக்கும்மா. நாலு பல்லை எடுத்துடலாம்" என்றார்.

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, ராகுகாலம் பார்த்துப் பல் பிடுங்க நேரமும் குறித்துவிட்டேன்.

மாலையில், கணவரிடம் காட்டக் கேட்டு வாங்கிவந்த அந்தத் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். வெளியே சிட்லபாக்கம் ஏரி தகதகத்தது. நீரின் வெளிச்சத்தில் கோடு மெல்ல அசைந்தது.

"அம்மா, உன்னை எதுக்கு வரைஞ்சாங்க?" என்றாள் காயத்ரி.

அவளை வரைந்த கோட்டில் என் உதடு, என் தாடை. அளவுக்கு மேல் என்றால், யாருடைய அளவு?

மறுநாள் டாக்டரிடம் அதையே கேட்டேன். அவர் அளவுகள் போட்டிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இது வெள்ளைக்காரப் பசங்களை அளந்து போட்டதும்மா. நம்ம பசங்க நிறைய பேருக்கு வாய் கொஞ்சம் முன்னாடிதான் இருக்கும். நான்தான் யோசிச்சிருக்கணும்."

கிளிப்பிலேயே பற்கள் வரிசைக்கு வந்துவிட்டன. இப்போதெல்லாம் யார் எந்த அளவைச் சொன்னாலும், யாரை அளந்தது என்று கேட்காமல் தலையாட்டுவதில்லை.

ஜன்னலிலிருந்து அந்தத் தாளை இன்னும் எடுக்கவில்லை. மாலையானால் நாங்கள் இருவரும் ஒரே முகமாக ஏரிமேல் மிதக்கிறோம்.