கானுக்கு அந்தப் பக்கத்துச் சோளம்

என் கணவரின் தம்பி மனைவியை எனக்கு ஏன் பிடிக்காது என்று கேட்டால், அவளுடைய மாட்டைத்தான் காட்டுவேன். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அளவு மரக்கறி நிலம். நடுவில் தண்ணீர் ஓடும் ஒரு கான். மாடு மட்டும் அவளிடம்.

அந்த வருஷம் இரண்டு பேரும் சோளம் போட்டோம். மடவளையில் சோளம் அவித்து விற்கும் முஸ்லிம் நானா ஒருவர், எந்த வீட்டுக் கதிர் நன்றாக இருக்கிறதோ அந்த வீட்டுச் சோளம் முழுவதையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது என் வீடாக இருக்க வேண்டும். அவள் வீடாக இருந்துவிடவே கூடாது.

அவள் மக்கிய சாணியும் அடுப்புச் சாம்பலும் போட்டாள். நான் கண்டிக்குப் போய் யூரியா வாங்கி வந்தேன். ஒரு மழைக்கே என் சோளம் கரும்பச்சையாக எழும்பியது. அவளுடையது மஞ்சள் பூத்துச் சோம்பி நின்றது. காலையில் கொழுந்தெடுக்கப் போகும்முன் கானோரம் நின்று பார்ப்பேன். வயிறு குளிரும்.

"போதும், இனிமே போடாத" என்றார் கணவர்.

"எல எப்புடி வந்திருக்குன்னு பாருங்க" என்றேன். கொழுந்து பறித்தே வளர்ந்தவள் நான். தேயிலையில் இலை வந்தால் எல்லாம் வந்த மாதிரி. மழை பெய்தபோதெல்லாம் இன்னொரு கை அள்ளிப் போட்டேன்.

நானா வந்த அன்று என் சோளம் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது; பாதி காற்றில் சாய்ந்து கிடந்தது. அவர் ஒரு கதிரைத் தோலுரித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன மணிகள்.

"எலதான் ஈக்கிது தங்கச்சி. மணி எங்க?"

அப்படியே கானைத் தாண்டி அவள் பக்கம் போனார். ஒடித்துக் கொடுக்க என் கணவரும் கூடவே போனார். போனதோடு நிற்காமல் அவள் அவித்த கதிரை வாங்கிக் கடித்துக்கொண்டே திரும்பி வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு அரசாங்கம் செயற்கை உரத்தை நிறுத்திய காலம் வந்தது. கண்டியில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கியும் யூரியா கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் எரு அள்ள ஒரு கடகப் பெட்டியோடு அவள் மாட்டுப்பட்டி வாசலில் போய் நின்றேன்.

"இதையெல்லாம் கேக்கணுமாக்கா? அள்ளிக்கிட்டுப் போங்க" என்றவள், அடியில் மக்கிக் கிடந்த நல்ல எருவாகத் தோண்டித் தானே கொண்டுவந்து கொட்டினாள். அவள் முகத்தில் கொஞ்சமாவது கர்வம் தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

அந்தப் போகம் நானா முதலில் என் கதிரைத்தான் உரித்தார். வரிசை பிசகாமல் மணி.

"நல்லா ஈக்கிது. என்ன போட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "தம்பி பொஞ்சாதி குடுத்த எருங்க."

நட்டது நான். களை பிடுங்கியது நான். நானா கானுக்கு அந்தப் பக்கம் திரும்பி, அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

போன மாதம் அந்த மாடு கன்று போட்டது. பால் குடி மறந்ததும் கன்றை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். எனக்கு ஒரு மாடு வேண்டும்தான். ஆனால் அது போடும் சாணிக்கும் அவள் பெயரைத்தானே சொல்வார்கள்.