ஆட்டம் என்று எழுதிய நாட்கள்

எங்கள் சமையலறைக் காலண்டரில் என் மாமியார் சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு சொல்லைத்தான் எழுதுவார்: ஆட்டம். நான் கத்திய நாள், தட்டை எறிந்த நாள், செங் வட்டாரத்து ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்ததும் குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு அழுத நாள், எல்லாமே அவருக்கு ஆட்டம். இனி உயிரோடே இருக்க வேண்டாம் என்று கிளேபாங் கடலோரம் நின்றுவிட்டு, மகளின் முகம் ஞாபகம் வந்து திரும்பிய நாளுக்கும் அதே சொல்தான். நல்ல மனுஷி!

ஏழெட்டு மாதம் சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெற்றோரை வரவழைத்தார். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி அம்மா மடியில் போட்டார்.

"பாத்துக்குங்க சம்பந்தி, ஒங்க பொண்ணு ஆடுன ஆட்டத்த. கூட்டிட்டுப் போயிடுங்க. பேத்தி இங்கயே இருக்கட்டும்."

சுங்கை ஊடாங்கில் தன் வேலையிடத்தில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற என் கணவருக்கு அன்று வாயில் கொழுக்கட்டை.

பிள்ளையை விட்டுப் போக மாட்டேன் என்று காலண்டரைப் பிடுங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரும் தமிழ்ப் பெண்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்தெந்த நாள் இப்படி வருதுன்னு ரெண்டு மாசம் எழுதிட்டு வாங்க" என்றார். நான் பையிலிருந்து காலண்டரை எடுத்து மேசையில் விரித்தேன்.

"எழுதியாச்சு டாக்டர். என் மாமியாரே எழுதிட்டாங்க."

மாதவிலக்கான தேதிகளை நான் போனில் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் பென்சிலால் வட்டமிட்டார். ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்திய வாரம் முழுக்கச் சிவப்பு. வட்டம் கழிந்து இரண்டு மூன்று நாளானதும், அடுத்த வட்டம் நெருங்கும்வரை சிவப்பே இல்லை.

"இது திமிரு இல்லம்மா, சீக்கு. மாசாமாசம் ஒடம்புல நடக்குற மாத்தம் சில பேரு மூளைய இப்படிப் போட்டு ஒலுக்கும். மருந்து இருக்குலா, பயப்படாதீங்க."

மாத்திரைக்குச் சீக்கு கேட்டது. மூன்றாவது மாதம் சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. மகள் என்னோடுதான் இருக்கிறாள்.

போன வாரம் மாமியார் அவளிடம், "ஒங்கம்மா மாதிரி பைத்தியமா ஆயிடாதடி" என்றார். விலக்கு முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. "பிள்ளகிட்ட பேசுற பேச்சா இது?" என்று கத்தினேன்.

கணவர் எழுந்து வந்தார். எனக்காகப் பேசத்தான் வருகிறார் என்று நம்பித் தொலைத்தேன். அவர் நேராகப் போய், இப்போது நான் விலக்குத் தேதிகளை வட்டமிட்டு வைக்கிற காலண்டரைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டார்:

"மாத்திர போட்டியா?"