கண் திறக்கும் வேலை

துடியலூரில் மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி எங்கள் ஸ்டுடியோ. நானும் பாயும் கூட்டு. கம்ப்யூட்டரில் வேலை செய்யும் கை என்னுடையது. பின்னால் நின்றுகொண்டு, "அம்மணி, காலரை ஏத்துங்க, நெத்தியைக் கொறைங்க" என்று ஓயாமல் பேசும் வாய் அவருடையது. சண்டை போடாமல் ஒரு படம் முடிந்ததில்லை.

இறந்தவர்களின் படத்தில்தான் எங்கள் கற்பனை அதிகம் ஓடும். காலமெல்லாம் பனியனோடு தோட்டத்தில் திரிந்த பெரியவருக்குக் கோட்டு மாட்டியிருக்கிறோம். ஆதார் அட்டையில் முறைத்த அம்மாவை, மகளின் உதட்டை வைத்துச் சிரிக்கவைத்திருக்கிறோம். இறந்தபின் எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறது என்றால், மூடிய கண்ணைத் திறந்துவிடுவோம். யார் யாருடைய கண்களோ அதற்கென்று ஒரு ஃபோல்டரில் கிடந்தன. அந்த வேலையில் எனக்குக் கர்வமே உண்டு.

ஒரு நாள் காலையில் ஓர் இளம்பெண் தனியாக வந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, காதில் பஞ்சு. போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றிய பச்சைக் குழந்தை. கண் மூடியிருந்தது.

"பர்சுல வெக்கற அளவுக்குச் சின்னதாப் போதுமுங்க அக்கா. கொழந்தை செத்தா ஊட்டுல படம் வெக்கக்கூடாதுன்னுட்டாங்க. செக்கப்புக்குன்னு சொல்லிப்போட்டு வந்தேன். கண்ணைத் தொறந்து குடுக்கறீங்களா?"

நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "முழி நல்ல கருப்புங்களா, காப்பிக் கலருங்களா?"

"தெரியலீங்க. தொறக்கவே இல்லீங்க. பொறக்கறப்பவே உசுரு இல்லீங்க."

என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா?

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபோல்டரைத் திறந்தேன். பாய் கையை நீட்டி மவுஸை வாங்கி அதை மூடினார். "யாரோ ஒருத்தர் கண்ணு வேண்டாம் அம்மணி" என்றார். பிறகு அவளிடம், "இப்படி உக்காரும்மா. உன் கண்ணையே எடுத்து வெக்கறோம்."

அவர் அவளைப் படம் எடுத்துக் கொடுத்தார். பெரியவர்களின் கண் குழந்தை முகத்தில் லேசில் உட்காராது. முழியைப் பெரிதாக்கினேன், வெள்ளையைக் குறைத்தேன். பாய் இமையைச் சரிசெய்யச் சொன்னார். அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கமுங்க, என்னையப் பாக்கற மாதிரி" என்றாள். யாருமே பார்த்திராத ஒரு பார்வையை மூன்று பேரும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டிருந்தோம். அவள் ஆசையாகச் சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் ஏறியது.

அழுது அழுது அவள் கண்ணில் ஏறியிருந்த சிவப்பை எடுத்துவிட்டேன். இமையோரத்து ஈரம் மட்டும் மசியவில்லை. துடைத்தால் பார்வையில் உயிர் இல்லை. விட்டுவிட்டால், குழந்தை இதோ வீறிடப்போகிறது என்று தோன்றியது.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "அழுகற மாதிரி இருக்குதுங்களே அக்கா."

"மன்னிச்சுக்க கண்ணு. வேற கொழந்தைக் கண்ணு இருக்குது, மாத்திடறேன்."

மவுஸில் இருந்த என் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. பொறந்தப்ப எப்ப அழுகும், எப்ப அழுகும்னு கேட்டுட்டே கெடந்தேனுங்க. அழுகட்டும், உடுங்க."