உத்தரத்தில் படிந்திருந்த மரத்தூள்

மரத்தூள் எப்போது வெடிக்கும் என்பது தொழிற்சாலைப் பரிசோதகனான எனக்கு மனப்பாடம். அறுபதுகளில் ஒருநாள் மாத்தளையில் ஒரு மரவேலைப் பட்டறையைச் சோதிக்கப் போனேன். தரை சுத்தமாக இருந்தது. மேலே உத்தரத்தில் மட்டும் மாவு போன்ற தூள் விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது.

"இது காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும், கூரையே போய்விடும்" என்றேன். தலைமைத் தச்சர் சலீம் பாஸ் தலையாட்டினார். அவர் நம்பவில்லை என்று எனக்குப் பட்டது. காட்டிவிடலாம் என்று ஒரு மரச்சட்டத்தை எடுத்து உத்தரத்தை ஓங்கித் தட்டினேன்.

"தொர, தட்ட வாணாம்! அடுப்பு எரியுது!" என்று கத்தினார் அவர்.

மூலையில் மரம் ஒட்டும் வச்சிரப் பசை காய்ச்சும் கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. தூள் புகைபோல இறங்கி அதை நோக்கிப் பரவியது. உள்ளே ஆறு பேர் வேலையில் இருந்தார்கள். சலீம் பாஸ் ஓடிப்போய், பக்கத்து வாளியில் ஊறிய சாக்கை எடுத்து அடுப்பை மூடினார். எல்லோரும் இருமிக்கொண்டே வெளியே வந்தோம்.

"வெள்ளிக்கிழம பட்டற மூடுற. அதனால வியாழக்கிழம அடுப்ப அணச்சிட்டு, ஈரச் சாக்கால மேல தொடைப்போம்" என்றார் அவர். "தொர புதன்கிழமயே வந்துட்டீங்க."

தொழிலாளர்களுக்குப் பயிற்சி போதாது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டேன். பயிற்சி கொடுக்க மேலிடம் என்னையே அனுப்பியது. சலீம் பாஸ் முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை கவனமாகக் கேட்டார். அன்று நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.